பூனை தேடிய அம்மா

எத்தனையோ நாடகங்கள் பார்த்தாயிற்று. வசனம் மறந்துவிடுகிறது, சிலவற்றில் கதைகூட மறந்துவிடுகிறது. ஆனால் ஒரு காட்சி மட்டும் மனத்தைவிட்டு நகர்வதில்லை. எனக்கு அப்படி ஒரு காட்சி, குவோ பாவ் குன் தந்த ‘பூனையைத் தேடும் அம்மா’வில் இருக்கிறது.

1988இல் மேடையேறிய இதைச் சிங்கப்பூரின் முதல் பன்மொழி நாடகம் என்பார்கள். கதை எளிமையானது. அம்மாவுக்குத் தெரிந்தது ஹொக்கியன். பிள்ளைகளோ வளர வளர ஆங்கிலத்துக்கும் மாண்டரினுக்கும் மாறிவிடுகிறார்கள். அம்மாவுக்கு மிஞ்சிய துணை ஒரு பூனை. அதுவும் ஒருநாள் காணாமல் போக, தேடிக் கிளம்பிவிடுகிறார்.

அப்போது ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்திக்கிறார். அவரும் தம் பூனையைத் தேடுகிறார். அம்மா ஹொக்கியனில் பேச, பெரியவர் தமிழில் பேசுகிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையாலும் முகத்தாலும் குரலாலும் தத்தம் பூனையைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளுக்குப் புரியாத அம்மாவை, முன்பின் அறியாத ஒருவர் புரிந்துகொள்கிறார்.

இந்த இடத்தில் நடிகர்களுக்கு வசனம் கைகொடுக்காது. பெரியவர் சொல்வது நமக்குப் புரியும், அம்மா சொல்வது புரியாது. பக்கத்து இருக்கையில் இருக்கும் ஹொக்கியன்காரருக்கோ நேர்மாறு. ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில் சிரிக்கிறோம், ஒரே இடத்தில் மௌனமாகிறோம். அரங்கில் மட்டுமே கிடைக்கும் அனுபவம் இது.

குவோ இந்தக் கதையைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. 1979இல் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மற்றச் சீன மொழிகள் குறைந்தன. பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் வாய்த்தன. பாட்டிகள் தங்கள் வீட்டிலேயே அந்நியரானார்கள். யாரையும் வில்லனாக்காமல் அந்த இழப்பைக் காட்டியதுதான் குவோவின் பெருமை. 1976 முதல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தடுப்புக்காவலில் இருந்தவர் அவர். ஆனாலும் அவர் எழுத்தில் கசப்பைவிடக் கனிவுதான் கூடுதல். 1990இல் ‘சப்ஸ்டேஷன்’ கலை நிலையத்தைத் தொடங்கி, எல்லா இனக் கலைஞர்களுக்கும் இடம் கொடுத்தார். 2002இல் மறைந்தார்.

‘அது சீனர் வீட்டுக் கதை’ என்று நாம் தள்ளிவிட முடியுமா? தமிழுக்கு இங்கே அதிகாரத்துவ மொழித் தகுதி உண்டு, பள்ளியில் பாடமும் உண்டு. ஹொக்கியனுக்கு அது வாய்க்கவில்லை. இருந்தும், பாட்டி தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, நடுவில் மகள் மொழிபெயர்க்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தேர்வில் தமிழுக்கு நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் அந்த வீடுகளிலும் இருக்கிறார்கள். பாட்டியின் கதைகள் மட்டும் அவர்களைச் சென்று சேர்வதில்லை.

இந்த நாடகம் மீண்டும் மேடையேறினால் நண்பர்களோடு போகாதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவரையும் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும் வழியில், பெரியவர் முதலில் பேசட்டும். மொழிபெயர்க்க அவசரப்படாதீர்கள்.