யாரின்ட காதுக்கு இந்தச் ‘சவுண்ட் குவாலிட்டி’?

தமிழில் ஹெட்போன் ரிவியூ செய்யிற யூடியூப் சனல்கள் நாலைந்தை வரிசையாப் போட்டுப் பாருங்க. பெட்டியைத் திறப்பாங்க. வயரைத் தூக்கிக் காட்டுவாங்க. பிறகு “பேஸ் சும்மா அதிருது, மிட்ஸ் கிளியர், ட்ரெபிள் ஸ்மூத்” எண்டு தீர்ப்பு வந்துடும். என்ன பாட்டுக் கேட்டாங்க, எங்க இருந்து கேட்டாங்க, எப்பிடியான தலையில மாட்டிக் கேட்டாங்க, ஒண்டுமே இருக்காது. ஆங்கில ரிவியூக்களிலயாவது ‘ஹோட்டல் கலிபோர்னியா’ கேட்டோம் எண்டு பேர் சொல்லுவாங்க. நாங்க அவங்கட முடிவை மட்டும் தமிழாக்கி எடுத்துக்கொள்ளுறோம்.

ஒலித்தரம் எண்டது பெட்டிக்குள்ள வாற சாமான் இல்லை. கேக்கிற பாட்டு, மாட்டுற தலை, இருக்கிற இடம் மூண்டும் சேர்ந்துதான் அது உருவாகுது. இந்த மூண்டையும் மறைக்கிற ரிவியூவுக்குப் பேர் விளம்பரம். இந்தக் கோபத்துக்குச் சரியான உதாரணம், இப்ப எல்லாரும் தலையில தூக்கி வைக்கிற ‘போர்ட்டபிள் குளோஸ்ட்-பேக் பிளேனர்’ ஹெட்போன்கள்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: சாதாரண ஹெட்போனில் ஒரு சின்னக் கம்பிச்சுருள் கூம்பு வடிவப் படலத்தை நடுவில பிடிச்சுத் தள்ளும். பிளேனரில் மெல்லிய படலம் முழுக்க மின்கடத்திக் கோடுகள் ஓடும். காந்தங்கள் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும். அதனால படலம் முழுசும் ஒரே நேரத்தில அசையும், சட்டெண்டு நிக்கும், உருக்குலைவு குறைவு. இது புதுசும் இல்லை. யமஹா 1976 இலேயே எச்பி-1 ஐ இந்த முறையில விற்றது. காந்தங்களின் பாரம்தான் பிரச்சினையா இருந்தது. 2015 இல் ஒப்போ பிஎம்-3 வந்தது: மூடின கோப்பை, 320 கிராம், போனிலேயே ஓடும். 2018 இல் ஒப்போ டிஜிட்டல் கடையையே மூடுறதா அறிவிச்சது. பிறகு 2022 இல் எடிஃபையர், ‘ஸ்டாக்ஸ் ஸ்பிரிட் எஸ்3’ எண்டு புளூடூத்தில் ஒண்டை இறக்கினது. ஸ்டாக்ஸ் எண்டது மின்நிலை ஹெட்போன்களுக்குப் பேர்போன யப்பான் கொம்பனி, எடிஃபையர் அதை வாங்கி வைச்சிருக்கு. எஸ்3 மின்நிலை ஹெட்போன் இல்லை. பேரை ஒட்டி விக்கிறாங்க. இதைச் சொல்லுற தமிழ் ரிவியூ ஒண்டு எனக்கு இன்னும் அகப்படேல்ல.

இரண்டும் அறிமுகமான விலை 400 டொலர் அளவில். டொலர் 300 ரூபா எண்டு வைச்சாலே ஒரு லட்சத்து இருபதாயிரம், வரி வேற. 2025 வரவு செலவுத் திட்டத்தில 7,500 ரூபாவா உயர்த்தின மகாபொலவில பதினாறு தவணை. இவ்வளவு காசுக்குத் தீர்ப்புச் சொல்லுறவர் மூண்டு சொல்லோட எழும்பிப் போகலாமா?

முதல்ல பாட்டுக்கு வருவம். எம்பி3 ஐ உருவாக்கினவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க், சூசான் வேகா வாத்தியமே இல்லாமப் பாடின ‘டொம்ஸ் டைனர்’ ஐத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தன்ட முறையைத் திருத்தினார். அந்தக் குரலில்தான் பிழை பட்டவர்த்தனமாத் தெரிஞ்சது. சோதிக்கிறதுக்குச் சுகமான பாட்டில்லை, கஷ்டமான பாட்டுத்தான் வேணும். எங்களிட்ட அதைவிடக் கஷ்டமான சத்தம் இருக்கு: நாதஸ்வரமும் தவிலும். தவிலின் ஒரு பக்கம் விரல்கூடு போட்ட கை, மற்றப் பக்கம் கழி. ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரித் தொடங்கி, அடுத்தது விழ முதல் அடங்க வேணும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய பதிவுகள் யூடியூபில கிடக்கு. அந்த வேகத்தில அடிகள் தனித்தனியாக் கேக்குதா, குழம்பிக் கூழாகுதா? பிளேனரின் ‘வேகம்’ உண்மையா எண்டு பார்க்க இதைவிட நல்ல சோதனை என்ன?

நாதஸ்வரம் இன்னொரு வழியில சோதிக்கும். அதின்ட உயிர் கிடக்கிறது 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் பக்கம், எங்கட காது கூடுதலாக் கூர்மையா இருக்கிற இடம். ஓடிஸ் போன்ற கொம்பனிகளின் பல பிளேனர்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் பதிச்சு வைச்சிருக்கும். ரிவியூக்காரர் அதை ‘ரிலாக்ஸ்ட்’ எண்டு புகழுவார். மெல்லிய குரல் பாட்டுக்கு அது சரி. நாதஸ்வரம் கேக்கிறவனுக்கு, வித்துவானைக் கோயில் மண்டபத்தில இருந்து எழுப்பித் தெருவில இருத்தின மாதிரி.

அடுத்தது தலை. மூடின பிளேனரின் ஆழமான பேஸ் முழுக்க, பஞ்சு காதைச் சுத்தி இடைவெளி இல்லாம ஒட்டுறதில தங்கியிருக்கு. சின்ன இடைவெளி விழுந்தாலும் கீழ்ச்சுரங்கள்தான் முதல்ல ஓடும். ஆய்வுகூடத்தில அளக்கிற செயற்கைத் தலைக்கு ஜிமிக்கி இல்லை, மூக்குக்கண்ணாடி இல்லை, சடை இல்லை, ஹிஜாப் இல்லை. திருகோணமலையில ஒரு பஸ்ஸில ஏறினா இது எல்லாம் இருக்கிற தலைகள்தான் பாதிக்கு மேல. அவங்களுக்கு “பேஸ் அதிருது” எண்டது பொய். ரிவியூ செய்யிறவர் கிட்டத்தட்ட எப்பவும் ஒரு ஆம்பிளை, தலைமயிரைக் கட்டையா வெட்டினவர். தன்ட தலையைப் பொதுத்தலை எண்டு நினைக்கிறார்.

கடைசியா இடம். அன்புவழிபுரத்தில இருந்து வந்தாறுமூலை வளாகத்துக்குப் போறதெண்டா கிண்ணியா, மூதூர், வாகரை எண்டு சுத்தி நூறு கிலோமீற்றருக்கு மேல பஸ். ‘போர்ட்டபிள்’ எண்டா இதுக்குத்தானே? ஆனா மூடின கோப்பை நல்லாத் தடுக்கிறது மேல்ச்சத்தங்களை. லேலண்ட் எஞ்சினின் உறுமல் கீழ்ச்சத்தம், அது உள்ளுக்கு வந்துடும். அதை அடக்கிறதுக்கு இரைச்சல் நீக்கும் வசதி வேணும். பிஎம்-3 இலும் இல்லை, எஸ்3 இலும் இல்லை. நீங்க காசு குடுத்து வாங்கின துல்லியமான பேஸ் எஞ்சினுக்குக் கீழ மூழ்கும். நீங்க வொலியூமைக் கூட்டுவீங்க. உருக்குலைவு குறைஞ்ச சத்தம் உறுத்தாது, அதனால எவ்வளவு கூட்டினது எண்டும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் நாலு மணித்தியாலம்தான். வளாகத்துக்கு ஒருதரம் போறதோட அந்தக் கிழமைக் கணக்கு முடிஞ்சுது. போன காது திரும்பி வராது.

“பௌதிகத்துக்கு மொழி இல்லை, நல்ல ஹெட்போன் எல்லாருக்கும் நல்லதுதான்” எண்டு சொல்லுவாங்க. அதில நியாயம் இருக்கு. ஹார்மன் நிறுவனத்தின் ஷோன் ஒலிவ் குழு கனடா, அமெரிக்கா, ஜேர்மனி, சீனா நாடுகளில ஆட்களைக் கேக்க வைச்சு, ரசனை பெரிசா வேறுபடேல்ல எண்டுதான் கண்டது. சரி. ஆனா அவங்க கேட்ட பாட்டுகளில தவில் இல்லை, கேட்ட இடம் வாகரை பஸ்ஸும் இல்லை. விதி ஒண்டுதான், கேள்வியை யார் கேக்கிறது எண்டதுதான் என்ட சண்டை.

இன்னொரு கூட்டம், “எங்கட பாட்டுக்கு ரெண்டாயிரம் ரூபா இயர்போன் போதும்” எண்டும் சொல்லும். இது முதலாவதை விட மோசம். எங்கட சத்தம் துல்லியத்துக்குத் தகுதியில்லாதது எண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறது.

என்ட தீர்ப்பு இது. இரவில, அறைக்குள்ள, தவில் கேக்கிறதுக்கு மூடின பிளேனர் அருமையான சாமான். பஸ்ஸுக்கு அது வீண்செலவு. காதுத்துளையை ஒழுங்கா அடைக்கிற சிலிக்கன் முனை இயர்போன் அங்க கூட வேலை செய்யும். இதோட ஒத்துப்போகாதவங்க மறுத்து எழுதுங்க. ஆனா எந்தப் பதிவைக் கேட்டீங்க, காதில தோடோ கண்ணாடியோ இருந்ததா, எங்க இருந்து கேட்டீங்க எண்டு முதல் பந்தியிலேயே சொல்லிட்டு எழுதுங்க.