முன்னே செல்லும் வண்டி



ஐஸ்லாந்து தேசத்தில் மாரிக்காலத்தில் பனி மூடிய மேட்டுநிலங்களின் வழியே ஜீப்புகள் கூட்டமாய்ப் பயணம் செய்வதுண்டு. அவற்றின் டயர்கள் 38 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ளவை. ஆனாலும் காற்று நிறைந்திருந்தால் அவையும் புதைந்துபோகும். ஆகையால் ஓட்டுநர்கள் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு 3 பவுண்டு வரைக்குங்கூட இறக்கிவிடுகிறார்கள். டயர் தட்டையாய் விரிந்து, வண்டியின் பாரத்தைப் பரப்பி, பனியின்மேல் மிதக்கிறது. பெலன் குறைந்ததுபோலத் தோன்றும், வண்டியோ முன்னேறும்!

தடமில்லாத பனியைப் பிளப்பது முதல் வண்டியே. எரிபொருள் அதற்கே அதிகம் செலவாகிறது. முதலாவது சிக்கிக்கொள்வதும் அதுவே. பின்வருகிறவர்களுக்கோ அழுந்திய தடம் ஆயத்தமாயிருக்கிறது. ஆகவே சிக்கினவரைப் பின்னாலிருக்கிறவர் கயிறு கட்டி இழுக்கிறார். முன்னே சென்று களைத்தவர் பின்னே வர, வேறொருவர் முன்னே செல்கிறார்.

நம்முடைய சபைகளிலோ, ஓர் ஊழியத்தை முதலாவது தொடங்கினவர் தடுமாறினால், அவர் பதித்த தடத்திலே சுகமாய் வந்தவர்களே குறை பேசுகிறோம். இது நியாயமல்ல. பத்து ஆண்டுகளாய் ஒருவரே ஓய்வுநாள் பள்ளியைத் தாங்கிவந்தால், ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்துவது போதுமென்று நான் எண்ணவில்லை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், அவருடைய வகுப்பை ஏற்றுக்கொள்ள உங்களில் யார் வருவீர்கள்?