உப்பு எங்கே போயிற்று?

உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிள்ளைகள் தரம் 12 வகுப்பில் வந்தமர்ந்த சில வாரங்களிலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சேர், நாங்கள் படிக்க வந்தது உயிரியல். இதுக்குள்ள அணுவும் அயனும் ஏன்?" கேள்வியில் பிழை இல்லை. உயிரின் இரசாயன அடிப்படை என்ற பகுதி பெரும்பாலும் வரைவிலக்கணங்களாகவே வந்து இறங்குகிறது. பிள்ளை பாடமாக்குகிறது, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறது. திருகோணமலைப் பிள்ளைக்கு இப்படி நேர்வதுதான் வேடிக்கை. அந்தப் பகுதியின் செய்முறை முழுவதும் இங்கே வெயிலிலும் கடற்கரையிலும் அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது.

நிலாவெளி உப்பளத்திலிருந்து தொடங்குவோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. ஆனால் அள்ளிப் பார்த்தால் தெளிந்த நீர்தான். உப்பு எங்கே போயிற்று? "சோடியம் குளோரைட்டு மூலக்கூறுகள் நீரில் கலந்துவிட்டன" என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. கடல்நீரில் அப்படி ஒரு மூலக்கூறு கிடையாது. ஓர் இலத்திரனை இழந்த சோடியம் நேரேற்றத்துடன் ஒரு பக்கமும், அதைப் பெற்ற குளோரின் மறையேற்றத்துடன் வேறு பக்கமுமாகத் தனித்தனியே திரிகின்றன. இவைதான் அயன்கள்.

இவற்றைப் பிரித்து வைத்திருப்பது நீர். நீர் மூலக்கூறு நேர்கோடல்ல, வளைந்தது. நடுவில் ஒட்சிசன், இரு கைகளிலும் ஐதரசன். பொதுவில் இருக்கிற இலத்திரன்களை ஒட்சிசன் தன் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. மொத்தக் கணக்கில் ஏற்றம் பூச்சியம்தான், பங்கீட்டில்தான் ஓரவஞ்சனை. ஒட்சிசன் பக்கம் சற்று மறை, ஐதரசன் பக்கம் சற்று நேர். இதையே முனைவுத்தன்மை என்கிறோம். சோடியத்தைச் சூழும்போது நீர் தன் ஒட்சிசன் முகத்தைக் காட்டும். குளோரைட்டுக்கு ஐதரசன் முகத்தைக் காட்டும். வெயில் பாத்தியிலிருந்து நீரை மட்டும் கொண்டுபோகிறது. விலக்கி வைக்கப் போதிய நீர் இல்லாதபோது அயன்கள் மறுபடி சேர்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் அல்ல. நீர் ஏறத்தாழ நாலில் ஒன்றாக வற்றும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒன்றாகும்போது கறியுப்பு விளைகிறது. மிஞ்சுகிற மகனீசிய உப்புகள்தான் கசப்பவை. அதனால்தான் கடைசி நீரை வற்றவிடாமல் திறந்துவிடுகிறார்கள்.

நீரின் இந்த ஓரவஞ்சனைக்கு மறுபக்கமும் உண்டு. இயந்திரப் படகிலிருந்து சிந்திய டீசல், நீரில் கரையாமல் வானவில் நிறத்தில் மிதப்பதைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். ஏற்றமோ முனைவோ இல்லாததை நீர் தன் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. கலமென்சவ்வு உண்டாவதும் இந்த ஒதுக்கலால்தான். சவ்வை ஆக்கும் பொசுபோலிப்பிட்டின் தலை நீரை நாடும், வால்கள் நீரைத் தவிர்க்கும். வால்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்க, இரட்டைப் படை தானாகவே அமைகிறது. அதைக் கட்ட மேசன் தேவையில்லை.

கட்டா மீனைக் கீறி உப்புத் தடவிக் கருவாடு போடும்போது வேலை செய்வதும் இந்தச் சவ்வுதான். "உப்பு நீரை உறிஞ்சுகிறது" என்பது பேச்சு வழக்கு. உண்மையில் சவ்வினூடாக அயன்களால் இலகுவில் கடக்க முடியாது, நீரால் முடியும். ஆகவே நீர், தான் கூடுதலாக உள்ள உட்பக்கத்திலிருந்து குறைவாக உள்ள வெளிப்பக்கத்துக்கு நகர்கிறது. இது பிரசாரணம். மீனைப் பழுதாக்க வந்த பற்றீரியாவுக்கும் அதே கதிதான்: உள்ளிருந்த நீரை இழந்து ஒடுங்கிவிடுகிறது.

இனி மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டி. மாணவர் அதிகம் தடுமாறுவது பீ.எச். அளவில்தான். அது ஐதரசன் அயன்களின் செறிவைக் காட்டும் எண். அயன்கள் கூடக் கூட எண் குறையும், ஓர் எண் இறங்கினால் செறிவு 10 மடங்கு ஏறும். பாலில் அது ஏறத்தாழ 6.6. பற்றீரியா பாலின் வெல்லத்தை இலற்றிக் அமிலமாக்க, எண் 4.6ஐ நெருங்குகிறது. இரண்டு எண்தானே என்று நினைக்கக்கூடாது, 100 மடங்கு. பாலில் கேசின் என்ற புரதத்தின் நுண்துணிக்கைகள் மறையேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி மிதந்துகொண்டிருந்தன. ஐதரசன் அயன்கள் வந்து அந்த ஏற்றத்தை நீக்கியதும் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, ஒட்டிக்கொள்கின்றன. பால் தயிராக உறைகிறது. நம் இரத்தத்தின் பீ.எச். 7.4ஐ விட்டு அசையாமல் உடல் ஏன் இத்தனை பாடுபடுகிறது என்பதும் இங்கே விளங்கும்: ஏற்றம் மாறினால் புரதத்தின் உருவம் மாறும்; உருவம் மாறினால் வேலை நின்றுவிடும்.

2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவின் முருகைக் கற்களுக்கும் இதே கணக்குத்தான். வளியில் கூடுகிற காபனீரொட்சைட்டு கடலில் கரைந்து ஐதரசன் அயன்களைக் கூட்டுகிறது. அவை காபனேற்று அயன்களைப் பிடித்துக்கொள்வதால், கல்சியம் காபனேற்றால் வீடு கட்டும் முருகைக்குப் பொருள் தட்டுப்படுகிறது.

உப்பளம், டீசல், கருவாடு, தயிர், முருகை ஐந்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஏற்றம் எங்கே இருக்கிறது, நீர் அதை எப்படி நடத்துகிறது? ஆசிரியர்கள் வரைவிலக்கணத்தைப் பலகையில் எழுதுமுன் ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்துக் காட்டட்டும். பிள்ளை அந்தக் குவளைக்குள் சோடியத்தையும் அதைச் சுற்றி ஒட்சிசன் முகம் காட்டி நிற்கும் நீரையும் வரைந்து காட்டினால் போதும்; நரம்புக் கணத்தாக்கம் பற்றிய பாடம் வரும்போது அதே சோடியத்தை அது அடையாளம் கண்டுகொள்ளும்.