ஆபத்து வேளையில் கைக்கடிகாரம் கைகொடுக்குமா?



வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, பெற்றோருக்கென ஒரு ஸ்மார்ட் வாட்சை வாங்கி வந்து அவர்தம் மணிக்கட்டில் கட்டிவிட்டுச் செல்வது நம் இல்லங்களில் இன்று வழக்கமாகி வருகிறது. "அம்மா, நீங்கள் வழுக்கி விழுந்தாலும் இது ஆளை அழைத்துவிடும், இனிக் கவலை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மகன் விமானம் ஏறுகிறான். தாயும் அதை நம்புகிறாள். ஆனால் அந்தக் கடிகாரத்துக்கெனத் தனி இணைப்பு பெறப்படவில்லை. மாதக் கட்டணம் எதுவும் செலுத்தப்படவில்லை. கைபேசி கூடத்து அலமாரியில் இருக்கிறது. தாயோ கொல்லைப்புறத்தில் நிற்கிறாள். இந்நிலையில் அவள் விழுந்துவிட்டால், கையிலுள்ள கருவி யாரையேனும் அழைக்குமா? இத்திங்கள் இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கடிகாரத்தின் வகை, நாம் இருக்கும் நாட்டின் சட்டம், அவ்விடத்தில் கிட்டும் அலைவரிசை ஆகிய மூன்றும் ஒத்துவந்தாலன்றி அழைப்பு போய்ச் சேராது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடையில் ஒரே தோற்றத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இக்கடிகாரங்கள் உண்மையில் இரு வகையின. ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2015-ஆம் ஆண்டு அது முதன்முதல் விற்பனைக்கு வந்தபோது, அதற்கெனச் செல் இணைப்பு கிடையாது. பேசுவதற்குக் கைபேசியையே சார்ந்திருந்தது. 2017-இல் வெளியான மூன்றாம் வரிசையில்தான், செல்கோபுரத்தோடு நேரே தொடர்பு கொள்ளும் உறுப்பு பொருத்தப்பெற்ற வகை ஒன்று வந்தது. இதனைச் செல்லுலார் வகை என்பர். நம் நாட்டிலும் 2018 மே மாதத்தில் ஜியோ, ஏர்டெல் ஆகிய நிறுவனங்கள் இவ்வகைக்கு இணைப்பு வழங்கத் தொடங்கின. அந்த உறுப்பு இல்லாத மற்றொரு வகை ஜிபிஎஸ் வகை எனப்படும். விலை குறைவு என்பதால் பலர் வாங்கி வருவது இதனையே.

ஜிபிஎஸ் வகைக் கடிகாரம் தானாக எந்தச் செல்கோபுரத்தையும் எட்டாது. அருகில் அதன் இணையான கைபேசி இருக்க வேண்டும். அல்லது கடிகாரம் முன்பே அறிந்த வைஃபை இணைப்பு அவ்விடத்தில் இருந்து, வைஃபை வழியாகப் பேசும் வசதியும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில், எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் உதவிக்கு எவரும் வரார். ஜிபிஎஸ் என்ற பெயரைக் கேட்டு, வானத்துச் செயற்கைக் கோள் நம் குரலை ஏந்திச் செல்லும் என எண்ணிவிடக் கூடாது. அது நாம் இருக்கும் இடத்தைக் கடிகாரத்துக்கு அறிவிப்பதோடு சரி. அந்த இடத்தைப் பிறருக்கு அறிவிக்க வேறு வழி வேண்டும்.

செல்லுலார் வகையின் நிலை வேறு. இதில் கட்டணம் செலுத்தாவிடினும், உள்ளிருக்கும் உறுப்பு உயிரோடுதான் இருக்கிறது. செல்பேசி முறையை வகுத்தோர், ஆபத்து அழைப்புக்கு மட்டும் ஒரு தனி வாயிலைத் திறந்து வைத்துள்ளனர். தனக்குரிய இணைப்பு இல்லாத கருவி, அருகில் எந்த நிறுவனத்தின் கோபுரம் இருந்தாலும் அதில் ஒண்டிக்கொள்ளலாம். ஊர்க்கதை பேச இயலாது, ஆனால் ஆபத்து எண்ணை மட்டும் அழைக்கலாம். 2019-இல் வெளிவந்த ஐந்தாம் வரிசைச் செல்லுலார் கடிகாரங்கள், எந்த நாட்டில் வாங்கப்பட்டிருந்தாலும், இணைப்பு பெறப்படாதிருந்தாலும், 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தந்த நாட்டு அவசர உதவியை அழைக்கும் திறனுடையவை என அந்நிறுவனமே அறிவித்தது. பிற நிறுவனங்களின் கடிகாரங்கள் இவ்வாறே செயற்படும் எனக் கொள்ளலாகாது. அவற்றோடு வரும் கையேட்டைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

பணம் கட்டாதவனுக்கும் இவ்வாயிலைத் திறந்து வைப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இதற்குப் பின்னே ஒரு துயரக் கதை உண்டு. 1935 நவம்பரில் இலண்டன் நகரின் விம்போல் தெருவில் மருத்துவர் ஒருவரின் வீட்டில் தீப்பற்றியது. அயலார் ஒருவர் தீயணைப்பு நிலையத்தை அழைக்க முயன்றபோது, தொலைபேசி நிலையம் அவரை மற்ற அழைப்புகளோடு வரிசையில் காக்க வைத்தது. அத்தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர். மனம் நொந்த அந்த அயலார் செய்தித்தாளுக்கு எழுதினார், விசாரணை நடந்தது. அதன் பயனாக 1937 ஜூன் 30-ஆம் நாள் 999 என்னும் அவசர எண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 911 என்ற எண்ணில் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்து ஹேலிவில் என்னும் சிற்றூரில் விடுக்கப்பட்டது. ஆபத்தில் இருப்பவனின் குரல் மற்றெல்லாக் குரல்களுக்கும் முன்னே செல்ல வேண்டும் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றியது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு படி மேலே சென்று, அழைப்பவர் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளரா அல்லரா என்று பாராமல், 911-க்கு வரும் எல்லாச் செல்பேசி அழைப்புகளையும் அனுப்பியே தீர வேண்டும் என நிறுவனங்களுக்கு விதித்துள்ளது.

ஆனால் எல்லா நாடுகளும் இவ்வாறு விதிக்கவில்லை. ஜெர்மனியில், சிம் இல்லாத கருவிகளிலிருந்து விளையாட்டு அழைப்புகள் பெருகியமையால், 2009 ஜூலை முதல் சிம் உள்ள கருவியிலிருந்து வரும் அவசர அழைப்பு மட்டுமே ஏற்கப்படுகிறது. பிரிட்டனிலும் சிம் இல்லாத கைபேசியிலிருந்து 999-ஐ அழைக்க இயலாது. பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் தாத்தா பாட்டிமார் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வேலை செய்த கடிகாரம், விமானம் மாறி இறங்கிய நாட்டிலும் வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை.

அழைப்பு போய்ச் சேர்ந்தாலும் ஓர் இடர் எஞ்சியிருக்கிறது. இணைப்பில்லாக் கருவிக்குத் தொலைபேசி எண் கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய அழைப்பு வரும்போது, எதிர்முனையில் இருப்பவரின் திரையில் 911 என்பதோடு கருவியின் அடையாள எண்ணின் கடைசி ஏழு இலக்கங்களே தோன்றும். பேச்சு நடுவே அறுந்துவிட்டால், அவர் திருப்பி அழைக்க வழியில்லை. 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பவும் இயலாது. ஆகவே அழைத்தவுடன் "ஐயோ, அம்மா" என்று அரற்றுவதற்கு முன்பாக, எங்கே இருக்கிறோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். தொடர்பு அறுந்தால் நாமேதான் மீண்டும் அழைக்க வேண்டும்.

வைஃபை வழியாகப் பேசும் வசதியிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் இவ்வசதியை அமைக்கும்போது, அவசர உதவிக்கென வீட்டு முகவரி ஒன்றைப் பதிவு செய்யச் சொல்வர். வீடு மாறியபின் அதனைத் திருத்தாது விட்டால், உதவிக்கு வருவோர் பழைய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

இனி, விழுந்தால் தானே அழைக்கும் என்ற வசதியைப் பற்றி. 2018-இல் வந்த நான்காம் வரிசை முதல் இவ்வசதி உண்டு. அணிந்திருப்பவர் பலமாக விழுந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவற்றுக் கிடந்தால், எச்சரிக்கை ஒலி எழுப்பிவிட்டுக் கடிகாரம் அவசர உதவியை அழைக்க முற்படும். 55 வயதும் அதற்கு மேலும் எனப் பிறந்த நாள் பதிவாகியிருந்தால் இது தானே இயங்கத் தொடங்கும். இளையோர் தாமே இயக்கி வைக்க வேண்டும். எனினும் எல்லா வீழ்ச்சிகளையும் இது கண்டுகொள்ளாது என அந்நிறுவனமே கூறுகிறது. மேலும், விழுந்ததைக் கண்டுகொள்வது ஒன்று, அழைப்பது மற்றொன்று. ஜிபிஎஸ் வகைக் கடிகாரம் வீழ்ச்சியைச் சரியாகவே உணர்ந்துகொண்டாலும், கைபேசியோ வைஃபையோ அருகில் இல்லையெனில் அச்செய்தி மணிக்கட்டிலேயே தங்கிவிடும். மகன் சொல்லிச் சென்றதில் விடுபட்டுப்போனது இதுவே.

அலைவரிசை மாற்றத்தையும் மறந்துவிடலாகாது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் மூன்றாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டபோது, சில பழைய கைபேசிகள் அன்றாடப் பேச்சுக்கு நான்காம் தலைமுறை அலையைப் பயன்படுத்தினாலும், அவசர எண்ணுக்கு மட்டும் மூன்றாம் தலைமுறையையே தேடுவது தெரியவந்தது. அத்தகைய கருவிகளை நிறுவனங்கள் தம் இணைப்பிலிருந்தே விலக்க நேர்ந்தது. நாளும் நன்றாகப் பேசும் கருவி ஆபத்து வேளையில் ஊமையாகிவிடக் கூடும் என்பதற்கு இது சான்று. அண்ணன் பயன்படுத்திக் கழித்த பழைய கடிகாரத்தை அம்மாவுக்குக் கொடுக்கும் வழக்கமுடைய வீடுகள் இதனை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று அவசர எண்ணையே அழைத்துவிடவும் கூடாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து எல்க் குரோவ் என்னுமிடத்தில் உள்ள ஆப்பிள் பழுதுநீக்கும் கூடத்திலிருந்து, 2017 இறுதியில் தொடங்கி நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 அழைப்புகள் தவறுதலாக 911-க்குச் சென்றுகொண்டிருந்தன. இவ்வாறு வரும் ஒவ்வோர் அழைப்பும், மெய்யாகவே உயிருக்குப் போராடும் ஒருவரைச் சில நொடிகள் காக்க வைக்கிறது. விம்போல் தெருவில் நேர்ந்ததும் அதுதானே? பழைய கருவியைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்போரும், மின்னூட்டம் இருக்கும்வரை அது அழைக்கவல்லது என்பதை உணர வேண்டும்.

அவ்வாறாயின் நாம் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, வீட்டிலுள்ள கடிகாரம் எவ்வகை என்பதை இன்றே அறிந்துகொள்ளுங்கள். வாங்கிய பெட்டியின்மேல் எழுதியிருக்கும். கடிகாரத்தின் அமைப்புப் பகுதியிலும் காணலாம்.

இரண்டாவது, ஜிபிஎஸ் வகையாயின், கைபேசியும் உடன் இருக்க வேண்டும் என்பதை முதியவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். இடுப்பில் செருகும் சிறு பை ஒன்று தைத்துக் கொடுத்தால் போதும். கொல்லைக்கும் மாடிக்கும் கைபேசி கூடவே செல்லும்.

மூன்றாவது, தனித்து வாழும் முதியவராயின், செல்லுலார் வகையை வாங்கி இணைப்பும் பெற்றுக் கொடுங்கள். இணைப்பில்லாமலும் ஆபத்து எண் கிடைக்கலாம் என்பது கடைசிப் புகலிடமாக இருக்கட்டும். அதுவே முழு ஏற்பாடாகிவிட வேண்டாம். இணைப்பிருந்தால் அவசர நிலையத்தை மட்டுமன்றி, அடுத்த தெருவில் இருக்கும் மருமகளையும் அழைக்கலாம். நிலையத்தார் திருப்பி அழைக்கவும் இயலும். கடிகாரத்துக்கே பல்லாயிரம் ரூபாய் கொடுத்தவர், மாதக் கட்டணத்தில் சிக்கனம் பார்ப்பது குடையை வாங்கிவிட்டுக் கம்பியை மிச்சம்பிடிப்பது போலாகும்.

நான்காவது, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் முறையை, கண்ணாடி அணியாமலும் செய்யுமளவுக்குப் பழக்குங்கள். அழைப்பு கிளம்புமுன் கையை எடுத்து நிறுத்தவும் கற்பியுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில் மின்னூட்டும் வழக்கமும் வேண்டும்.

ஐந்தாவது, கருவி எதுவும் இல்லாதபோது என்ன செய்வது என்பதையும் பேசி வையுங்கள். தமிழகத்தில் 2008 முதல் 108 அவசர ஊர்தி ஓடுகிறது. 2018-இல் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கப்பெற்ற 112 என்னும் பொது எண் நாடெங்கும் பரவியுள்ளது. இவ்விரு எண்களையும் வீட்டு முகவரியையும், அருகிலுள்ள அடையாளத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில், தரையில் கிடப்பவர் கண்ணுக்கும் படுமாறு தாழ்வாக ஒட்டி வையுங்கள். அடுத்த வீட்டாரிடம் ஒரு சாவி இருக்கட்டும். காலையில் வாசல் தெளிக்கக் காணோமென்றால் வந்து எட்டிப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

வரும் ஞாயிறு மாலை குடும்பமாகக் கூடியிருக்கும் வேளையில், இணையான கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, தாயோ தந்தையோ கடிகாரத்தோடு கொல்லைப்புறம் சென்று, உங்களுள் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். வைஃபையையும் நிறுத்திவிட்டே இதனைச் செய்ய வேண்டும். அழைப்பு வந்தால் மகிழுங்கள். வரவில்லையெனில், அந்தக் கடிகாரம் இதுவரை எதனைச் செய்யவில்லை என்பது அன்றே உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் அதற்கேற்ற ஏற்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.