கோட்டைப்புரத்து வீடும் நம்ம ஊர் வீடும்

இந்திரா சௌந்தர்ராஜன் பேரைச் சொன்னால் "ஓ, அந்தப் பேய்க்கதை எழுதினவரா" என்று கேட்கும் ஆட்கள் எங்கள் செம்பூரிலும் உண்டு. இலக்கியம் படிக்கிற நண்பர்கள் கேட்கக்கூட மாட்டார்கள், உதட்டைப் பிதுக்குவதோடு சரி. 2024 நவம்பரில் அவர் மதுரையில் காலமானபோது நான் பார்த்த அஞ்சலிகளிலும் அமானுஷ்யம், ஆன்மீகம் என்ற இரண்டு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. என்னைக் கேட்டால் அவர் எழுதியதில் முக்கால்வாசி குடும்பச் சொத்து விவகாரம். (பி.காம் படித்து பேங்கில் உட்கார்ந்திருப்பவன் வேறு எப்படிப் படிப்பான் என்று சிரிக்காதீர்கள்.)

எங்கள் வயதுக்காரர்களுக்கு அவர் முதலில் டிவி வழியாகத்தான் வந்தார். 1990களில் நாகா இயக்கிய 'மர்ம தேசம்'. அதில் 'விடாது கருப்பு' பகுதி இவருடைய 'விட்டு விடு கருப்பா' நாவல். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த சமயம். சீரியல் முடிந்ததும் கொல்லைப்பக்கம் போக துணைக்கு ஆள் தேடியவர்கள் கையைத் தூக்கலாம்! குதிரைச் சத்தமும் இருட்டும் இருந்தாலும், அதில் ஒரு மனநோய் விளக்கமும் வரும். சாமியா, டாக்டரா என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்தே வைத்திருப்பார். அதுதான் அவர் டிரேட் மார்க்.

ஆனால் எனக்குப் பிடித்தது 'கோட்டைப்புரத்து வீடு'தான். ஒரு ஜமீன் குடும்பம். ஆண் வாரிசுகள் முப்பது வயதைத் தாண்டுவதில்லை என்று ஒரு சாபம். பழைய தலைமுறை ஒரு பெண்ணுக்குச் செய்த கொடுமையிலிருந்து வந்த சாபம். இன்றைய வாரிசைக் காதலிக்கிற பெண் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறாள். சாபம் வேலை செய்கிறதா, இல்லை அதன் பேரைச் சொல்லிக்கொண்டு மனுஷங்க யாராவது வேலை பார்க்கிறார்களா? முடிவைச் சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் என்னை அடிப்பீர்கள்.

இதில் எனக்கு உறைத்தது இதுதான். நம் குடும்பங்களில் 'சாபம்' என்று சொல்லப்படுவதை நோண்டிப் பாருங்கள், அடியில் கொடுக்காமல் விட்ட ஒரு பங்கு இருக்கும். "கூடப் பிறந்தவ கண்ணீர் விட்டுட்டுப் போன வீடு, விளங்குமா?" என்று நெல்லைப் பக்கம் கிழவிகள் சொல்வது வெறும் மூடநம்பிக்கை இல்லை. வராத பாக்கியைக் கிராமத்துக் கணக்கில் எழுதி வைக்கிற முறை அது. கடன் கொடுத்தவன் மறந்தாலும் லெட்ஜர் மறக்காது என்பது போல.

மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் கிளைக்கு தாராவியிலிருந்தும் நம் ஜனங்கள் வருவார்கள், நிறைய பேர் நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள். அப்பா இறந்ததும் கணக்கை முடிக்க அண்ணன் தம்பிகள் சேர்ந்து வருவார்கள். "நான்தான் நாமினி, எல்லாம் எனக்குத்தானே சார்" என்பார் ஒருவர். இல்லை அண்ணாச்சி. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிற கை மட்டும்தான், வாரிசுகளுக்குப் போய்ச் சேரவேண்டியது போய்ச் சேரத்தான் வேண்டும். அக்கா தங்கச்சி இருக்கிறார்களா என்று கேட்டால் முகம் மாறும். "அவங்க விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுருவாங்க சார்." போடுவார்கள்தான். கொடை விழாவுக்குப் பிறந்த வீட்டில் கால் வைக்க வேண்டுமே!

அப்பா தன் சம்பாத்தியத்தில் சேர்த்து, உயில் எழுதாமல் போனால் மகளுக்கும் சமபங்கு என்பது 1956 சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் பங்கு, தமிழ்நாட்டில் 1989ல் (அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டு), நாடு முழுக்க 2005ல். இதில் ஒரு வேடிக்கை. குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் அண்ணன் தம்பிகள் பிரிக்கிற வரை அவள் பிரித்துக் கேட்க முடியாது என்று 2005 வரை ஒரு பிரிவு இருந்தது. பங்கு இருக்கிறது, கேட்க வாய் இல்லை. மர்மக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு அவரிடம் குறை இருப்பதும் இங்கேதான். அநியாயம் செய்யப்பட்ட பெண்ணை அவ்வளவு அழகாகக் கொண்டுவந்து நிறுத்துவார், படிக்கிற நமக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அவர் கதைகளில் பல, கணக்கைத் தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்டு முடிந்துவிடும். பாவம் செய்தவன் தண்டனை அடைவான், சரி. அவளைச் சேர்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? தண்டனை வேறு, பட்டுவாடா வேறு. நாமும் அப்படித்தானே, ஜோசியர் சொன்னால் ராமேஸ்வரம் வரை போய்ப் பரிகாரம் செய்வோம், தங்கச்சி வீட்டு வாசல் வரை போக மாட்டோம்.

அதற்காக அவரை ஒதுக்கச் சொல்லவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு 2008ல் வந்த பிளாஃப்ட் ஆங்கிலத் தொகுப்பில் ராஜேஷ்குமார், சுபாவோடு இவர் கதையும் ஒன்று இருக்கிறது. தெரிந்த பிள்ளைகளுக்குக் கோட்டைப்புரத்து வீட்டையே கொடுங்கள்.

எங்கள் ஊர் வீடு தாத்தா சம்பாதித்துக் கட்டியது. 1983ல் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். பட்டா இன்னும் அவர் பேரில்தான். அத்தைக்கு எழுபத்தாறு வயது, தென்காசியில் மகன் வீட்டில் இருக்கிறார். வீட்டில் எது நடந்தாலும் "சுடலைக்கு ஏதோ குறை" என்று சித்தப்பா கிடா நேர்வார். மே மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று, வக்கீலிடமும் பேசியாயிற்று. "எதுக்குலே இப்போ பழசைக் கிளறுதே" என்று நேற்று சித்தப்பா போனில் கத்தினார். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.