தாய்வீட்டுக்கு வரும் பறவைகளுக்காக, தோழர்களே!

ஐப்பசி வாசலில் நிற்கிறது. வேடந்தாங்கல் ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்காகக் காத்திருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை நாலு நாள் சேர்ந்தாற்போல் கொட்டினால் போதும், நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கிவிடும். கூடவே தீபாவளியும் வரும். மார்கழி கழிந்ததும் கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டி இருட்டு மணலில் பங்குனி ஆமைகள் கரையேறத் தொடங்கும். நம் கையில் இருப்பவை சில வாரங்கள்தான். அதற்குள் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். அதற்காகவே அவசரமாக எழுதுகிறேன்.

வேலை என்ன என்று சொல்வதற்கு முன் நம் குறையைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறோம். வெப்பம் எவ்வளவு ஏறியிருக்கிறது, கடலில் எவ்வளவு நெகிழி சேர்கிறது, சட்டத்தை மீறினால் என்ன அபராதம் என்று எல்லாம் சொல்கிறோம். சொல்வதெல்லாம் உண்மை. கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு டீ குடித்த கப்புகள் அதே இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. மக்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்து நாம் தெரியப்படுத்திக்கொண்டே இருக்கிறோம். தெரிந்தும் செய்யாதவரை எது செய்ய வைக்கும்? அந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் பழைய விடை ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு தை மாதக் காலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். மரம் கொள்ளாமல் கூடுகள். ஒரு குஞ்சு தாயின் அலகுக்குள்ளேயே தலையை விட்டு மீனைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. கழனியில் களையெடுத்துவிட்டுக் கரையேறி வந்த பாட்டி ஒருவர் என் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். பேச்சு கொடுத்தேன். "இங்க தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டீங்களாமே பாட்டி, யாரு தடை போட்டது?" அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா இந்தப் பிள்ளைக்கு என்ற இரக்கம் இருந்தது. "யாரு போடணும்? பெத்துக்க வந்த பொண்ணு இருக்கிற ஊட்ல வேட்டு போடுவாங்களா கண்ணு?"

அவ்வளவுதான். பல்லுயிர்ப் பெருக்கம், உணவுச் சங்கிலி எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளை எப்படி நடத்துவது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த முறையைப் பறவைக்கும் வைத்துவிட்டார்கள். முறை என்று ஆகிவிட்டால் அதை மீற மனம் வராது. மீறினால் ஊர் பேசும். மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வரும் சிறுவனுக்கு ஊரில் நல்ல பெயர், கவண்கல்லோடு அலைபவனுக்குத் தலைக்குனிவு. ஒருவர் நெஞ்சில் மட்டும் இருக்கும் இரக்கம் அவரோடு போய்விடும். ஊரே சேர்ந்து வைத்திருக்கும் இரக்கம் தலைமுறை தாண்டி நிற்கும்.

எத்தனை தலைமுறை என்று கேளுங்கள். வேடந்தாங்கல் என்ற பெயரிலேயே வேடன் இருக்கிறான். வேடனின் தாங்கல், அதாவது வேடனின் சிற்றேரி. அந்த வேட்டைக்காட்டில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்காமல் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்: பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு. வனத்துறை என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972-க்கு 174 ஆண்டுகள் முன்பே, துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு எதிராகக் குடியானவர்கள் வழக்குரைத்து வென்ற கதை இது. நம் இயக்கத்தின் மூதாதையர் என்று நான் இவர்களைத்தான் சொல்வேன்.

எச்ச உரத்துக்காகத்தானே காப்பாற்றினார்கள் என்று நம்மிலேயே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உரம் கிடைப்பது உண்மை. பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து, தழைச்சத்தும் மணிச்சத்துமாக மதகு வழியே ஆயக்கட்டுக் கழனிகளில் பாய்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உரக் கணக்கு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், மானிய விலை யூரியா மூட்டை ஊருக்குள் வந்த அன்றே பறவைப் பாசம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. லாபம் உறவைத் தொடங்கி வைத்திருக்கலாம். உறவைக் காப்பாற்றியது நியாய உணர்வு.

அதே கலெக்டர் பிளேஸின் பெயர் மதுராந்தகத்திலும் வழங்குகிறது. பெருமழை இரவு, ஏரி உடைந்துவிடும் என்று ஊர் நடுங்குகிறது. கரை நின்றால் ராமர் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டித் தருகிறேன் என்று கலெக்டர் வேண்டிக்கொள்கிறார். மின்னல் வெளிச்சத்தில் வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்பதைப் பார்க்கிறார். விடியும்போது கரை உடையாமல் நிற்கிறது. அன்று முதல் அந்தக் கோயில் ராமர் ஏரி காத்த ராமர். இந்தக் கதையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு மேலே போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஏரி உடைந்தால் ஊரே போகும் என்ற பயமும், கரையைக் காப்பது தெய்வமே இறங்கி வந்து செய்யும் காரியம் என்ற மதிப்பும் அந்தக் கதைக்குள் இருக்கின்றன. ஏரிக்கரையை வெட்டி மண் அள்ளுகிறவனிடம் நாம் நூறு அரசாணைகளைக் காட்டுவதைவிட, "ராமர் காத்த கரையில் கை வைக்கிறாயே" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டால் அவனுக்கு உறைக்கும். சாமி கும்பிடாத தோழர்களுக்கும் சொல்கிறேன்: அந்தப் பெரியவர் பக்கத்தில் நில்லுங்கள்.

உணர்வு வெறும் மனநெகிழ்ச்சி என்று யாரும் எண்ண வேண்டாம். வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் சரணாலயமாக இருக்கிறது. பறவை கூடு கட்டுவது ஏரியில், இரை தேடுவது சுற்றுவட்டாரக் கழனியிலும் தாங்கல்களிலும். 2020-இல் அந்த வட்டத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தது. தமிழ்நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. பறவை பார்க்கும் கண்ணாடியைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட "எங்கள் வேடந்தாங்கல்" என்று எழுதினார்கள். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில் நடந்ததும் இதுதான். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் கிராமம் கிராமமாகத் திரண்டார்கள். குடைவரைக் கோயிலும் சுனையும் இருக்கும் மலை எங்களுடையது என்றார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

இனி கடற்கரைக்கு வாருங்கள். அதே 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நெம்மேலிப் பக்கம் மணலில் ஒன்றின் அருகே உட்கார்ந்து பார்த்தேன். கழுத்து வீங்கி, கண் பிதுங்கி இருந்தது. ஆமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர். மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டால் கடலுக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். முட்டையிட வந்த தாய் அது. நூறு முட்டைக்கு மேல் இடக்கூடிய வயிறு மணலில் அழுந்திக் கிடந்தது. பாட்டியின் சொல் என் காதில் ஒலித்தது: பெத்துக்க வந்த பொண்ணு.

ஏரிப் பறவைக்குக் கிடைத்த முறை இந்த மகளுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்ற பழமொழியைச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். நம்பிக்கை காக்கவும் செய்யும், கைவிடவும் செய்யும். ஆனால் குப்பங்களில் வேறொரு நம்பிக்கையும் உயிரோடு இருக்கிறது. வலையில் ஆமை சிக்கினால் சாமி என்று கும்பிட்டுக் கடலில் விடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 2002-இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் மீனவ இளைஞர்களையே கடலாமைக் காவலர்களாக்கியது. சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இரவு நடை நடத்துகிறது. நள்ளிரவில் ஒரு தாய் ஆமை பின்துடுப்பால் மணலைக் குழித்து முட்டையிடுவதை ஒருமுறை பார்த்தவர், மறுநாள் கடற்கரையில் பாலித்தீன் பையை விட்டுவிட்டுப் போவதை நான் பார்த்ததில்லை.

அதனால் தோழர்களே, நம் பேச்சை மாற்றுவோம். ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்லாய் மாறிய மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அங்கே பலகைகள் வைத்துச் சோதித்தார்கள். வந்தவர்கள் பலர் துண்டுகளை எடுத்துப் போனதால் காடு கெட்டது என்ற பலகை வைத்த பாதையில், எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்ட பாதையைவிடக் களவு பல மடங்கு அதிகம். எல்லோரும் செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் மனிதன் தானும் செய்கிறான். மாமல்லபுரக் கடற்கரையில் ஒலிபெருக்கி பிடித்து "எல்லாரும் குப்பை போட்டு நாசம் பண்றாங்க" என்று நாம் கத்தியது எவ்வளவு தவறு என்று இப்போது புரிகிறது. வேடந்தாங்கல் 200 ஆண்டுகளாகக் காக்கிறது, சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி வேட்டங்குடிப் பறவைகளுக்காகப் பட்டாசை விட்டது என்று சொல்வோம். நல்லதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் என்பது ஊருக்குத் தெரியட்டும்.

தீபாவளிக்குள் வேடந்தாங்கலின் அந்த 5 கிலோமீட்டர் வட்டத்திலும் கரிக்கிலிப் பறவைச் சரணாலயத்தைச் சுற்றியும் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் இருவர் இருவராகப் போக வேண்டும். துண்டறிக்கை வேண்டாம். திண்ணையில் உட்காருங்கள், கதை கேளுங்கள். கேட்ட கதையை அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பட்டாசு வேண்டாம் என்ற முடிவை ஊர் தன் கோயில் வாசலில் கூடித் தானே எடுக்கட்டும். நாம் ஓரமாக நிற்போம்.

கடற்கரையில் வேலை கடினம். பாசம் மட்டும் அங்கே போதாது. 5 கடல் மைலுக்குள் இழுவலை போடும் விசைப்படகைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. அதைச் செயல்படுத்தச் சொல்லி மீன்வளத்துறையிடம் குப்பத்துப் பெரியவர்களை முன்னே வைத்துக்கொண்டு போவோம். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கும் போவோம். பொரித்து வரும் குஞ்சு வெளிச்சமான பக்கம் நோக்கி ஓடும் இயல்புடையது. கடலின் மங்கலான ஒளியைத் தேட வேண்டிய அது, விடுதி விளக்கைப் பார்த்துச் சாலைக்கு ஏறிச் சாகிறது. தை முதல் சித்திரை வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணையுங்கள் என்று வீட்டு வாசலில் நின்று கேட்பதுபோல் கேட்போம். மறுப்பவரிடம் திரும்பவும் போவோம், அவருடைய பிள்ளைகளையும் இரவு நடைக்கு அழைப்போம்.

இந்த வாரமே உங்கள் பெயரையும், போகப்போகும் ஊரையும் பக்கத்துத் தோழரிடம் சொல்லுங்கள். தை பிறந்ததும் டார்ச் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு கரைக்கு வாருங்கள். தனியாக வராதீர்கள். உங்கள் தெருவில் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராத ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.