டிக்கெட்டுக்கு எதற்கய்யா என் ஜாதகம்?

ஊரில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாளை ராத்திரியாவது நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தாக வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அப்போது இருக்கும் ஒரே வழி தட்கல். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியில் ஆதார் குறுக்கே நிற்கிறது. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரைச் சரிபார்க்காதவருக்கு இணையத்திலும் செயலியிலும் தட்கல் கிடையாது. ஜூலை 15 முதல் ஆதார் ஓடிபியும் வேண்டும். சரி, கவுன்ட்டரில் கால் கடுக்க நின்று வாங்கிக்கொள்கிறேன் என்றால், அங்கும் செல்போனுக்கு வரும் ஓடிபியைச் சொல் என்கிறது அதே உத்தரவு. 2025 அக்டோபரில், இணையத்தில் சாதாரண முன்பதிவு தொடங்கும் முதல் 15 நிமிடத்தையும் ஆதார் கொடுத்தவர்களுக்கே ஒதுக்கினார்கள்.

செல்போனே இல்லாத பாட்டி எங்கே போவாள்? சிம்மைத் தொலைத்துவிட்டு, ஆதாரில் பழைய நம்பரே கிடக்கும் கட்டட வேலைக்காரர் என்ன செய்வார்? கையில் பணம் இருக்கிறது, வண்டியில் இடம் இருக்கிறது, டிக்கெட் மட்டும் இல்லை!

புரோக்கர்களை ஒழிக்கத்தான் இதெல்லாம் என்கிறார்கள். அந்தத் தொல்லை எங்களுக்குத் தெரியாதா? விடியற்காலையிலிருந்து வரிசையில் முதல் ஆளாக நின்றவருக்கே வெயிட்டிங் லிஸ்ட் விழுந்ததைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நாங்கள்தானே. திருடியது அவன், வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டியது நாங்களா?

ஒப்படைத்தாலும் எந்த நம்பிக்கையில்? 2022 ஆகஸ்டில், பயணிகளின் தகவல்களை வைத்து 1,000 கோடி ரூபாய் வரை பணம் பண்ண ஆலோசகர் தேடி டெண்டர் விட்டது இதே ஐஆர்சிடிசிதானே? பெயர், வயது, ஆணா பெண்ணா, செல்போன் நம்பர், முகவரி, எத்தனை பேர் எந்த வகுப்பில் போகிறோம், பணம் எப்படிக் கட்டுகிறோம் என்று பட்டியலே போட்டிருந்தார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்ணும், மாதம் தவறாமல் வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிற நோயாளியும் அவர்களுக்கு விற்பனைச் சரக்கு. எதிர்ப்பு கிளம்பியது, நாடாளுமன்ற நிலைக்குழு கூப்பிட்டுக் கேட்டது, அந்த மாதமே டெண்டரைத் திரும்பப் பெற்றார்கள். தரவுப் பாதுகாப்பு மசோதா இன்னும் நிறைவேறவில்லை என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். அப்படியானால், நிறைவேறியிருந்தால் விற்றிருப்பீர்களா?

2023-இல் சட்டமும் வந்துவிட்டது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு கொடுத்துக்கொள்ள அதன் 17ஆம் பிரிவில் வாசல் திறந்தே இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்களே, அது ரயில்வே ஸ்டேஷன் வாசலோடு நின்றுவிடுமா?

கவுன்ட்டரில் நிற்பவரின் அடையாள அட்டை ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கொடுங்கள். வண்டியில் டிடிஆர் மறுபடியும் அட்டையைச் சரிபார்க்கத்தானே போகிறார்? இறங்கி வீட்டுக்குப் போன பிறகு எங்கள் தகவல்களை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்? யார் யாருக்குக் காட்டுவீர்கள்? எப்போது அழிப்பீர்கள்? முழுக் கட்டணமும் கட்டியவர்கள் கேட்கிறோம், பதில் சொல்லுங்கள்.